பொய்க் காலர்

ஒரு சட்டையில் காலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிப் போட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? மார்பில் ஒரு சாண் துணி, முதுகில் ஒரு சாண், மூன்று பட்டன், மூன்று காஜா. கை கிடையாது. தொப்புள்வரைகூட வராது. மேலே ஏறிக்கொள்ளாமலிருக்க அக்குளுக்கடியில் இரண்டு பட்டி. இதைக் கழுத்தில் மாட்டி மேலே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டால், உள்ளே முழுச்சட்டை இருப்பதாகத்தான் எதிரே வருகிறவர் நினைப்பார். 1960களிலும் 70களிலும் ஷாங்காய் வீடுகளில் இது சாதாரணமான பொருள். மரியாதையாகச் சொன்னால் ‘சிக்கனக் காலர்’. ஜனங்கள் வாயில் ‘பொய்க் காலர்’.

சீனாவில் 1954 முதல் 1983 வரை துணி எடுக்கக் காசு மட்டும் போதாது, சீட்டும் வேண்டும். அரிசிக்கு ரேஷன் மாதிரி துணிக்கும் ரேஷன். 1960களின் தொடக்கத்துப் பஞ்ச ஆண்டுகளில் பல ஊர்களில் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்குக் கிடைத்த சீட்டில் ஒரு முழுச்சட்டை தைக்க முடியாது. காலருக்கு வெட்டுத்துணி போதும். ஆகவே ஒருவரிடம் கோட்டு ஒன்றுதான் இருக்கும், காலர் நாலைந்து இருக்கும்: கோடு போட்டது ஒன்று, கட்டம் போட்டது ஒன்று, வெள்ளை, இளநீலம். நேற்று ஒன்று, இன்று ஒன்று. அந்தக் காலத்துச் சீனர்களை வெளிநாட்டு நிருபர்கள் ‘நீல எறும்புகள்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். எறும்பின் கழுத்தோரம் இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

ஆள் பாதி ஆடை பாதி என்பது நம் கணக்கு. ஷாங்காய்க்காரருக்கு ஆடையிலேயே கால்வாசிதான் கிடைத்தது. கிடைத்த காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தார்.

இன்றைய சீன உடையமைப்பாளர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் காலரில் வந்து நிற்கிறேன். தனக்கென்று ஒரு பாணி வேண்டும் என்றால் கடைக்குப் போய் ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் புரிந்துவைத்திருக்கிறோம். தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத இடத்திலும் அந்த ஆசை செத்துவிடவில்லை என்பதற்குப் பொய்க் காலர் சாட்சி. அப்படியானால் அந்த ஆசை எதைத்தான் கேட்கிறது?

அந்த ஆசைக்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1963இல் அதிபர் லியூ ஷாவ்ச்சியுடன் இந்தோனேசியா சென்ற அவருடைய மனைவி வாங் குவாங்மெய் ச்சீபாவ் என்ற உடலொட்டிய நீள அங்கியை உடுத்தியிருந்தார், கழுத்தில் முத்துமாலை. விருந்தாளியாகப் போன நாட்டில் அதிபரின் மனைவி நன்றாக உடுத்துவது அப்போது பெரிய குற்றமாகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 ஏப்ரலில், கலாச்சாரப் புரட்சியின் நடுவே, செங்காவலர்கள் என்ற மாணவர் படையினர் அவரைச் சிங்குவா பல்கலைக்கழக மைதானத்துக்கு இழுத்து வந்தார்கள். பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஒரு ச்சீபாவை அவர் உடம்பில் வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். முத்துமாலைக்குப் பதில் பிங்பாங் பந்துகளைக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். அவமானப்படுத்த உடையைக் களைவதுதான் வழக்கம். அங்கே உடுத்திவிட்டு அவமானப்படுத்தினார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பிங்பாங் பந்துகளைக் கோக்க உட்கார்ந்த மாணவனுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போது தோன்றும்.

ச்சீபாவ் ஒன்றும் பழம்பெரும் உடை அல்ல. 1920களில் ஷாங்காய்ப் பெண்கள் ஆண்களின் நீண்ட அங்கியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டதில் உருவானது. காலர் ஓர் ஆண்டு காதுவரை ஏறும், அடுத்த ஆண்டு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் 1943இல் ஒரு கட்டுரையில் எழுதிவைத்தவர் எழுத்தாளர் ஜாங் ஐலிங். பள்ளி நாட்களில் சித்தி உடுத்திக் கழித்த அங்கிகளைப் போட்டுக்கொண்டு கூசிப்போனவர். கையில் காசு வந்ததும் யாரும் போடாத உடைகளாகப் பார்த்துத் தைத்துக்கொண்டார். பாட்டியின் பழைய போர்வை உறையையே மேலுடையாக்கிக்கொண்டதும் உண்டு. இன்றைக்கு ஷாங்காயில் கடை வைத்திருக்கும் இளம் உடையமைப்பாளர்களுக்குக் குலதெய்வம் என்று ஒன்று இருக்குமானால் அது இவர்தான் என்பது என் எண்ணம்.

1979 மார்ச்சில் பிரெஞ்சு உடையமைப்பாளர் பியர் கார்டின் பெய்ஜிங்கில் ஒரு காட்சி நடத்தினார். நெசவு, தையல் துறை ஆட்களுக்கு மட்டும் அனுமதி. பார்த்தவர்கள் நீலமும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்தார்கள். 1984இல் ஒரு படம் வந்தது. ஷாங்காய்ப் பஞ்சாலைப் பெண்களின் கதை, தெருவெல்லாம் சிவப்புப் பாவாடை என்பது அதன் தலைப்பு. ஒரு பாவாடையின் நிறம் படத்தின் தலைப்பாகும் அளவுக்குச் செய்தியாக இருந்த காலம். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: உலகத்துக்கே தைத்துக்கொடுக்கும் நாடாயிற்று சீனா.

உலகத்துக்குத் தைப்பவர் தனக்கு எதைத் தைத்துக்கொள்வார்? மா கேயின் பெயர் இங்கேதான் வருகிறது. 1971இல் வடகிழக்கே சாங்சுனில் பிறந்தவர். 1996இல் மாவ் ஜீஹோங்குடன் சேர்ந்து குவாங்சோவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். சுற்றிலும் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும் ஆலைகள். நடுவே இவர்கள் வைத்த பெயர் ‘லீவாய்’. விதிவிலக்கு என்று பொருள். அதன் ஆங்கில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிப் போட்டிருப்பார்கள். பருத்தி, லினன், மண்ணின் நிறங்கள், உடம்பை இறுக்காத வெட்டு. டிராகன் கிடையாது, பீனிக்ஸ் கிடையாது, தங்க ஜரிகை கிடையாது. கூட்டத்தில் தனியாகத் தெரிய விரும்பாத, ஆனால் கூட்டத்தோடு கரையவும் விரும்பாத பெண்களுக்கான உடை.

2013 மார்ச்சில் ஷீ ஜின்பிங் அதிபரானதும் முதல் வெளிநாட்டுப் பயணமாக மாஸ்கோவில் இறங்கினார். கூட இறங்கியவர் மனைவி பெங் லியுவான். சீனர்களுக்குப் பல்லாண்டுகளாகப் பழகிய பாடகி. கருநீலக் கோட்டு, இளநீலக் கழுத்துத்துணி, கையில் ஒரு தோல் பை. எந்த வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு என்று தேடியவர்களுக்கு அன்றே விடை கிடைத்தது: லீவாய். நிறுவனத்தின் இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. இணையச் சந்தையில் அதே கோட்டின் நகல்கள் சுடச்சுட விற்பனைக்கு வந்தன. வாங் குவாங்மெய்யை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அந்த விமானப் படிக்கட்டு 46 ஆண்டு நீளமாகத் தெரிந்திருக்கும்.

சீன இணையச் சந்தையில் ‘தோங்குவான்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ‘அதே மாதிரி’ என்று சொல்லலாம். நடிகை போட்ட அதே மாதிரி, தொடரில் வந்த அதே மாதிரி, அதிபர் மனைவி போட்ட அதே மாதிரி. ‘விதிவிலக்கு’ என்று பெயர் வைத்த உடைக்கு ‘அதே மாதிரி’ கேட்டு வரிசை நின்றதைக் கதையில் எழுதினால் மிகை என்று வெட்டச் சொல்வார்கள்.

வெளிநாட்டில் சீன உடையமைப்பு என்றதும் கண்ணுக்கு வருவது வேறு ஒன்று: 2015இல் நியூயார்க் மெட் காலா படிக்கட்டில் பாடகி ரிஹானா போட்டு வந்த மஞ்சள் அங்கி. குவோ பெய் செய்தது. எடை சுமார் 25 கிலோ. தூக்கிப் பிடிக்கப் பின்னால் ஆட்கள். மறுநாள் உலகமே அதை ஆம்லெட் என்று கேலிப்படம் போட்டது. குவோ பெய் 1967இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். சிங் வம்சக் காலத்துப் பூத்தையலைப் பாட்டி வாய்மொழியாகச் சொல்லக் கேட்டே வளர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்க்கக் கிடைக்காததைக் காதால் கேட்டுத் தைத்தவர் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 25 கிலோவைச் சுமந்து நிற்பதற்குப் பெயர் பட்டாபிஷேகம். அதற்கும் ஒரு மனிதரின் பாணிக்கும் தூரம் அதிகம்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒரு துணி. தெற்கே குவாங்டோங்கில், ஷுந்தே பகுதியில் உருவாவது. பெயர் ஷியாங்யுன்ஷா. பட்டுத்துணியை ஒருவகைக் காட்டுக் கொடிக்கிழங்கின் சாற்றில் முக்குவார்கள். செம்பழுப்புச் சாறு, துவர்ப்பு மிகுந்தது. முக்கியெடுத்த துணியைப் புல்தரையில் நீளமாக விரித்து வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்ததும் மறுபடி சாறு, மறுபடி வெயில். இப்படிப் பலமுறை. பிறகு ஆற்றுச் சேறு. சூரியன் எழுவதற்கு முன்பே சேற்றைத் துணியின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசிமுடித்தாக வேண்டும். சேற்றிலிருக்கும் இரும்பும் கிழங்கின் துவர்ப்பும் கூடுகிற இடத்தில் துணி கறுக்கிறது. ஆற்றில் அலசி எடுத்தால் ஒரு பக்கம் மினுமினுக்கும் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு. கடைசியாக மாலைப் பனியில் விரித்து இளகவிடுவார்கள். சாயப்பட்டறைக்கு இங்கே கூரையே கிடையாது, வானம்தான். மழை பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். குளிர்காலத்தில் வேலையே கிடையாது.

ஒருகாலத்தில் இது உழைப்பாளிகள் உடுத்திய துணி. வியர்த்தாலும் உடம்போடு ஒட்டாது, தண்ணீர் பட்டால் சட்டென்று காயும். ஷுந்தேயிலிருந்து திருமணமே வேண்டாமென்று சபதமெடுத்துக் கடல்கடந்த பெண்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வீட்டுவேலை செய்தார்கள். வெள்ளை மேல்சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக வந்துபோன அந்த ஆயாக்களை அங்கே வாழ்ந்த தமிழர்களும் பார்த்திருப்பார்கள். நைலான் வந்தது, சேற்றுத்துணியை யாரும் சீந்தவில்லை. 1990களின் நடுவில் ஷென்ஜென்னைச் சேர்ந்த உடையமைப்பாளர் லியாங் ட்ஸ இந்தத் துணியைத் தேடிப்போய் மறுபடி தைக்கத் தொடங்கினார். 2008இல் இதன் சாயமுறை சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் ஏறியது. இன்று கூலிக்காரர் யாரும் இதை வாங்க முடியாது.

இந்தத் துணியிடம் ஒரு குணம் உண்டு. புதிதாக இருக்கும்போது காகிதம்போல் விறைப்பாக இருக்கும், நடந்தால் சலசலக்கும். உடுத்த உடுத்த இளகும். முழங்கை மடியும் இடம், காலரின் விளிம்பு, பாக்கெட்டின் வாய் என்று எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு மெல்ல உதிர்ந்து அடியிலிருக்கும் பழுப்பு வெளியே வரும். ஒரே தானிலிருந்து வெட்டிய இரண்டு சட்டைகளை இரண்டு பெண்கள் ஐந்து வருஷம் போட்டால் அவை ஒரே மாதிரி இருக்காது. ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள், இன்னொருத்தி மேஜையில் முழங்கையை ஊன்றுகிறவள். துணி இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது. ‘அதே மாதிரி’ விற்பவரால் கோட்டை நகலெடுக்க முடியும், இந்த ஐந்து வருஷத்தை நகலெடுக்க முடியாது. நாம் வாங்கிவரும் உடைகளில் பெரும்பாலானவை ஐந்து வருஷம் நம்மோடு இருப்பதேயில்லை என்பது தனிக்கதை.

ஷாங்காயில் உடையமைப்பாளர்களின் வேறொரு கூட்டம் இருக்கிறது. லெய் லியூஷு, ஜியாங் யூதோங் இருவரும் லண்டனில் படித்துத் திரும்பி 2015இல் தொடங்கிய ஷுஷூ தோங் என்ற நிறுவனம் அதில் ஒன்று. பள்ளிச் சிறுமியின் குட்டைப் பாவாடை, ரிப்பன் முடிச்சு, கொசுவிய கை. ஆனால் அதைப் போடுகிறவள் சிறுமி அல்ல என்பது வெட்டிலேயே தெரியும். இதில் சீனம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஷாங்காயில் தைத்து ஷாங்காய்ப் பெண் போட்டுக்கொண்டு போனால் சீன உடைதான். அதற்கு மேல் அத்தாட்சி கேட்பவர் சுங்க அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தாட்சி கேட்கும் காலம் இது என்பதும் உண்மை. 2003 நவம்பரில் ஜெங்ஜோவ் நகரில் மின்நிலையத் தொழிலாளி ஒருவர் ஹான் வம்சத்துப் பாணி அங்கியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். ஹான்ஃபூ என்ற பழைய உடை இயக்கத்தின் தொடக்கமாக அந்த நாளைச் சொல்வார்கள். ச்சீபாவ் மஞ்சு இனத்தோடு பிணைந்த பெயர், ஆகவே அது எங்கள் உடையல்ல என்று வாதிடுபவர்கள் அந்த இயக்கத்தில் இருக்கிறார்கள். தன் உடை எது என்று தேடப்போய் அடுத்தவர் உடை எது என்று பட்டியல் போடுவதில் முடிகிற இந்தச் சுபாவத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

மிங் காலத்தில் பெருவழக்காக இருந்த குதிரைமுகப் பாவாடை இப்போது அந்தச் சச்சரவின் மையம். இரண்டு துணிகள், ஒவ்வொன்றின் இரு ஓரமும் மடிப்பில்லாத பட்டை, நடுவில் மடிப்புகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இடுப்புப்பட்டியில் தைத்து, உடம்பைச் சுற்றி நாடாவால் கட்டிக்கொள்வது. முன்னால் தட்டையாக ஒரு பட்டை, பக்கவாட்டில் மடிப்பு, நடந்தால் விசிறிபோல விரியும். 2022 ஜூலையில் பாரிஸில் டியோர் என்ற பிரெஞ்சு உடை நிறுவனத்தின் கடைமுன் சீன மாணவர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். இதே அமைப்பில் தைத்து 3,800 டாலர் விலையிட்ட ஒரு பாவாடையை அந்த நிறுவனம் தன் அடையாள வடிவமாகச் சொல்லிக்கொண்டது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

கோபத்தை வியாபாரமாக்கியது ஷாண்டோங் மாகாணத்துச் சாவ் மாவட்டம். ஜப்பானுக்குச் சவப்பெட்டி செய்து அனுப்பிப் பெயர் வாங்கிய ஊர். மேடை நிகழ்ச்சிகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் வேஷ உடை தைத்துக்கொண்டிருந்த வீடுகள் ஹான்ஃபூவுக்கு மாறின. 2024 சீனப் புத்தாண்டையொட்டி மட்டும் இந்தப் பாவாடை உள்ளிட்ட பண்டிகை உடைகள் அங்கிருந்து 30 கோடி யுவானுக்கு மேல் விற்றன. ஒரு தேசமே மறுபடி ஒரே உடையைப் போடப்போகிறதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தெருப் புகைப்படங்களை உற்றுப்பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஒரு பெண் அந்தப் பாவாடையின் மேல் அலுவலக வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறாள். காலில் ஓட்டக் காலணி. முதுகில் லேப்டாப் பை. இன்னொருத்தி தோல் ஜாக்கெட்டோடு போட்டிருக்கிறாள். இலக்கணம் பார்க்கும் ஹான்ஃபூக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பொய்க் காலர்தான் ஞாபகம் வருகிறது: கொடுத்த உடையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தன்னுடையது.

மா கே லீவாயோடு நிற்கவில்லை. 2006இல் ஜூஹாயில் ‘உயோங்’ என்ற பட்டறையைத் தொடங்கினார். பொருள்: பயனற்றது. கப்பலுக்கும் ஆகாது, கதவுக்கும் ஆகாது, சவப்பெட்டிக்கும் ஆகாது என்று தச்சன் கைவிட்டதால் பிழைத்து ஓங்கிய மரத்தின் கதை சுவாங்ட்ஸு என்ற பண்டைச் சீனத் தத்துவ நூலில் இருக்கிறது. படித்தவர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்கும். கைராட்டை, கைத்தறி, செடிச்சாயம். 2007 பிப்ரவரியில் பாரிஸுக்குக் கொண்டுபோன உடைகளைப் போகும்முன் மண்ணில் புதைத்துவைத்தார். மண்ணும் ஈரமும் தங்கள் பங்குக்கு என்ன செய்கின்றனவோ செய்யட்டும் என்று. தோண்டி எடுத்த உடைகளை மண் பூசிய முகங்களோடு மனிதர்கள் போட்டுக்கொண்டு ஒளிப்பெட்டிகளின் மேல் அசையாமல் நின்றார்கள். யாரும் பூனைநடை நடக்கவில்லை.

இயக்குநர் ஜியா ஜாங்கே இதைப் படமெடுத்தார். படத்தின் பெயரும் ‘உயோங்’தான். 2007 வெனிஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பரிசு பெற்றது. படம் மூன்று பகுதி. முதலாவது குவாங்டோங்கில் ஓர் ஆடை ஆலை: வரிசை வரிசையாக மிஷின்கள், சாப்பாட்டுக்கூடம், மருந்தறையில் வரிசை. திருப்பூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது மா கேயும் பாரிஸும். அதன் பிறகு மா கே ஷான்சி மாகாணத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். வழியில் ஒருவர் கையில் பிளாஸ்டிக் பையோடு நடந்து போகிறார். கேமரா மா கேயை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விடுகிறது. பையில் இருப்பது கிழிசல் தைக்க வேண்டிய துணி. அவர் போவது ஃபென்யாங்கில் ஒரு சின்னத் தையல்கடைக்கு. ஃபென்யாங் ஜியாவின் சொந்த ஊர்.

அந்த ஊரில் முன்பு தையல்காரராக இருந்த ஒருவரைக் காட்டுகிறார்கள். ஆலைத்துணி வந்து விழும் விலைக்குத் தன்னால் தைக்க முடியவில்லை என்று கடையை மூடியவர். இப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. உடம்பெல்லாம் கரி படிந்து வரும் சுரங்கத் தொழிலாளிகள் குளியலறையில் துணி ஏதுமின்றித் தேய்த்துக் குளிக்கும் காட்சி ஒன்று வருகிறது. பாரிஸில் மண் பூசி நின்ற முகங்களைப் பார்த்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜியா இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. மா கே மேல் கல்லெறியவும் இல்லை. கையால் செய்த பொருளுக்காக அவர் வாதாடுவது நெஞ்சறிந்து செய்வதுதான். ஆனால் அவர் மீட்டெடுத்த கைவேலையை வாங்க வசதி உள்ளவர் வேறு, கைவேலையை இழந்தவர் வேறு. உடை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அதைத் தைத்துத்தர ஆள் இருக்கிறது. இன்னொருவர், தானே தைத்துக்கொண்டிருந்தவர், சுரங்கத்தில் இறங்கிவிட்டார்.

படம் எண்பது நிமிடம்தான். எங்காவது திரையிட்டால் போய்ப் பாருங்கள். பாரிஸ் காட்சி முடிந்ததும் படம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், தையல்காரர் அதற்குப் பிறகுதான் வருகிறார்.